தவளைத் தோலும் ஊவாத் தோட்டங்களும்

நோய்களின் வரலாற்றில் ஊவாவுக்கு முன்னரே ஓர் இடம் உண்டு. இலங்கைக் கோப்பியை வேரோடு சாய்த்த இலைத்துரு நோய் 1869ஆம் ஆண்டில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது, பதுளைக்குக் கிழக்கே மடுல்சீமையின் கல்லோலாத் தோட்டத்தில்தான். அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் கோப்பி போய்த் தேயிலை வந்தது. மலையக வரலாறு எழுதிய எவரும் இதைக் குறிப்பிடத் தவறியதில்லை. ஆனால் கோப்பிக்காகவும், பின்னர் தேயிலைக்காகவும் அழிக்கப்பட்ட காட்டில் என்ன இருந்தது என்பதை எழுதியவர்கள் மிகக் குறைவு.

அங்கே தவளைகள் இருந்தன. இலங்கையின் காடுகளில் 1990களில் தேடுதல் நடத்திய மாதவ மீகஸ்கும்புர, ரொஹான் பெத்தியகொட முதலியோர், மரத்தவளை இனங்கள் நூற்றுக்கு மேல் இச்சிறு தீவில் உள்ளன என்று 2002இல் 'சயன்ஸ்' இதழில் அறிவித்தபோது விலங்கியலாளர்கள் வியந்தனர். அச்செய்தியின் மறுபக்கம் துயரமானது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிடிக்கப்பட்டு நூதனசாலைப் போத்தல்களில் கிடக்கும் பல இனங்களை எங்கு தேடியும் காணவில்லை. முற்றாக அழிந்துவிட்டனவென்று உலகில் பதிவான தவளை இனங்களுள் ஏறத்தாழப் பாதி இலங்கைக்குரியவை. ஈரவலய மழைக்காட்டின் பெரும்பகுதி தோட்டங்களாகவும் வயல்களாகவும் மாறியதே முதற் காரணம்.

தவளை போனால் போகட்டுமே என்பவர்கள் இருக்கலாம். அவர்களுக்காக ஓர் ஆய்வுகூடச் சம்பவம். அமெரிக்க மருத்துவர் மைக்கேல் சாஸ்லொவ், ஆபிரிக்க நகத்தவளைகளை ஆய்வுக்காக அறுத்துத் தைத்து, தூய்மையற்ற தொட்டி நீரிலேயே மீண்டும் விட்டு வந்தார். காயங்கள் சீழ்பிடிக்காமல் ஆறின. காரணத்தைத் தேடியவருக்கு அகப்பட்டவை, தோற் சுரப்பிகள் கசியும் புரதத் துணுக்குகள். 23 அமினோ அமிலங்கள் கோத்த குறுஞ்சங்கிலிகள். கேடயம் என்று பொருள்படும் எபிரேயச் சொல்லிலிருந்து அவற்றுக்கு 'மகெய்னின்' என்று பெயரிட்டு 1987இல் வெளியிட்டார். இத்தகைய துணுக்குகளைப் பெப்டைடுகள் என்பர். நேர்மின்னேற்றம் கொண்ட இவை, எதிர்மின்னேற்றம் கொண்ட பக்டீரியாவின் மேற்சவ்வில் ஒட்டி அதைத் துளைத்துவிடுகின்றன. விலங்குக் கலங்களின் புறச்சவ்வு அவ்வாறு மின்னேற்றம் கொண்டதன்று; ஆகவே அது பெரும்பாலும் தப்பிவிடுகிறது.

இது தவளைக்கு மட்டும் வாய்த்த வரமன்று. மீன், கோழி, மாடு, மனிதன் என முதுகெலும்புள்ள உயிர்கள் அனைத்திலும் இவ்வகைப் படைக்கலங்கள் உண்டு. நமது வெண்குருதிக் கலங்களில் உள்ளவற்றை 1985இல் கண்டு 'டிபென்சின்' என்று பெயரிட்டனர் ரொபர்ட் லேரரின் குழுவினர். நோய்க்கிருமியை முன்பின் அறியாமலே, முதல் மணித்தியாலங்களில் அதனோடு பொருதும் காவற்படை இது. ஆனால் தவளைகளில் இனத்துக்கு இனம் இதன் கலவை வேறுபடும். ஓர் இனம் அழிந்தால் அதன் கலவையும் அதனோடு போய்விடுகிறது.

2017இல் கேரளத்திலிருந்து வந்த செய்தி இன்னும் நெருக்கமானது. ஹைட்ரோபிலாக்ஸ் பஹுவிஸ்தார என்னும் தவளையின் தோலிலிருந்து எடுத்த 32 பெப்டைடுகளைத் திருவனந்தபுரம் ராஜீவ் காந்தி உயிரித் தொழில்நுட்ப மையத்தாரும் அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தாரும் ஆராய்ந்தனர். நான்கு, இன்புளுவென்சா வைரஸைத் தாக்கின. அவற்றுள் மனிதக் கலங்களுக்குத் தீங்கு செய்யாதது ஒன்றே. அதற்கு, கேரளத்தின் சுருள்வாளை நினைவுகூர்ந்து 'உருமின்' என்று பெயர் சூட்டினர். எச்1 வகை வைரஸ்களை மட்டுமே அது அழிக்கிறது. எச்3 வகையிடம் செல்லாது. எலிகளை அது காத்தது; மனிதருக்கான மருந்தாக இன்னும் வரவில்லை. இதே பேரினத்தைச் சேர்ந்த இன்னொரு தவளை, ஹைட்ரோபிலாக்ஸ் கிராசிலிஸ், இலங்கைக்கே உரியது.

எச்1 என்றதும் தோட்டங்களின் வரலாறு நினைவுக்கு வருகிறது. 1918இல் உலகைச் சூறையாடிய விஷக்காய்ச்சலின் வைரஸ் எச்1 வகுப்பினது. 1914இல் தொடங்கிய தனுஷ்கோடி - தலைமன்னார்க் கப்பல்தான் அக்காலத்தில் தமிழகத்துத் தொழிலாளர் வந்த வழி. மண்டபம் முகாமில் சில நாட்கள் தடுத்துவைத்துப் பார்த்தனர். அந்த ஏற்பாடு வாந்திபேதிக்கும் பிளேக்குக்கும் அஞ்சிச் செய்யப்பட்டது. ஊவாவுக்கான புகையிரதம் அப்போது பண்டாரவளையோடு நின்றது. பதுளைக்குப் பாதை வந்தது 1924இல். பசறை, லுணுகலைத் தோட்டங்களுக்கு அதற்கப்பால் நடைதான். காய்ச்சலும் துறைமுகத்திலிருந்து மலையேறியது. 1918-19இல் இலங்கை இழந்த உயிர்கள் மூன்று இலட்சத்தைத் தாண்டும் என்கிறது அண்மைக்கால மதிப்பீடு ஒன்று.

வைத்தியர்களிடம் அந்நோய்க்கு மருந்து இல்லை. மனித இன்புளுவென்சா வைரஸ் கண்டுபிடிக்கப்பட்டதே 1933இல்தான். லயத்துக் காம்பிராவில் நெருக்கிப் படுத்துக் கிடந்தவர்களுள் எழுந்தவர் எழுந்தது தம் உடம்பின் பலத்தால். அந்த உடம்புக்கோ 1919இல் அரிசியும் தட்டுப்பாடு. வயிறு காய்ந்தால் எதிர்ப்பாற்றலும் காயும் என்பதை அறிய ஆய்வுகூடம் வேண்டியதில்லை. நோய் கொணர்ந்தவர்கள் என்று தொழிலாளரைக் குறித்துவைத்த பழைய அறிக்கைகளில் இந்தக் கணக்கைக் காண்பது அரிது.

காட்டை வெட்டி எரித்த கைகள் நம்மவர்களுடையவை. கட்டளை துரைமாருடையது, இலாபம் இலண்டனுக்கு. வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு உதவக்கூடிய எதுவும் அந்த மரங்களோடு எரிந்ததா என்பதற்கு விடை இனிக் கிடைக்காது. எரியாமல் தப்பியவையும் சில உண்டு. இலங்கையில் பிறந்த படை மருத்துவர் கெலார்ட் 1853இல் விவரித்த புள்ளிமரத்தவளையொன்று, அழிந்ததாகவே கொள்ளப்பட்டு, 2009இல் சிவனொளிபாத மலைக் காட்டில் மீண்டும் அகப்பட்டது. நமுனுகுல மலைமுகட்டிலும் தேயிலைக்கு மேலே காட்டுத் துண்டுகள் எஞ்சியுள்ளன.