இருபோக மண்ணில் மைதா: கம்பம் பள்ளத்தாக்கின் பரோட்டாக் கல்

1895இல் முல்லைப் பெரியாறு அணை கட்டி முடிந்து மேற்கே போன தண்ணீர் கிழக்கே திரும்பியபின் கம்பம் பள்ளத்தாக்கின் முகமே நெல்லாக மாறியது. இன்றைக்கும் லோயர் கேம்ப் தொடங்கிப் பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் என்பது அரசுக் கணக்கு. ஜூன் மாதம் தண்ணீர் திறக்கும் செய்தியில் ஆண்டு தவறாமல் இந்த எண் வரும். ஆனால் பொழுது சாய்ந்துவிட்டால் கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், தேனி என்று பேருந்து நிற்கிற ஊரெல்லாம் மைதா வாசம்தான். பள்ளத்தாக்கில் கோதுமை வயல் கிடையாது. வீட்டுக்கு வீடு நெல் மூட்டை பார்த்த ஊரில் அயல் தானியத்தின் மாவு மாலை உணவாக நிலைத்தது எப்படி? கடைக்கு உருவம் தந்தது மலையேறிப் பிழைக்கும் கூலி வாழ்க்கையின் நேரக் கணக்கு என்பதே இக்கட்டுரையின் வாதம். மாவின் மலிவும் சமைத்தவரின் பூர்வீகமும் அதற்கு அடுத்தவைதான்.

வழக்கமாகச் சொல்லப்படும் காரணம் பஞ்சம். அதில் உண்மை உண்டு. 1942இல் ஜப்பானியப் படை ரங்கூனைப் பிடித்ததும் சென்னை மாகாணத்துக்கு வந்துகொண்டிருந்த பர்மா அரிசி நின்றது. பங்கீடு வந்தது, அரிசி தின்றவர்கள் கோதுமைக்குப் பழக வேண்டியதாயிற்று. 1952இல் ராஜாஜி உணவுக் கட்டுப்பாட்டை எடுத்தார். 1956இல் அமெரிக்காவோடு பி.எல். 480 என்ற உணவு உதவி ஒப்பந்தம் கையெழுத்தாகிக் கப்பல் கப்பலாகக் கோதுமை இறங்கியது. வறட்சி நெருக்கிய 1966இல் மட்டும் நாடு இறக்குமதி செய்த தானியம் சுமார் 1 கோடி டன். மைதா எட்டும் விலைக்கு வந்த கதை இது. ஆனால் தட்டுப்பாடுதான் காரணம் என்றால், தட்டுப்பாடு தீர்ந்ததும் பழக்கமும் போயிருக்க வேண்டும். 2008இல் நியாய விலைக் கடையில் அரிசி கிலோ 1 ரூபாய் ஆனது, 2011 ஜூன் முதல் இலவசமானது. பரோட்டாக் கல் ஒன்றும் ஆறிப்போகவில்லை. விலையில்லா அரிசியை வீட்டில் வைத்துக்கொண்டு காசு கொடுத்து மைதா வாங்குகிறவரைப் பஞ்சக் கதை விளக்காது.

இரண்டாவது விளக்கம் சமைத்தவரின் பூர்வீகம். கம்பத்திலும் உத்தமபாளையத்திலும் இஸ்லாமியரான ராவுத்தர்கள் நெடுங்காலமாக வாழ்கிறார்கள். மேற்கே மலை தாண்டினால் கேரளத்துப் பொறோட்டா, கடல் தாண்டினால் இலங்கையின் கொத்து ரொட்டி, இன்னும் தள்ளி மலேசியாவின் ரொட்டி சானாய். மடித்துச் சுருட்டும் இந்த மாவுக் குடும்பம் தமிழர் போன துறைமுகமெல்லாம் இருக்கிறது. 1964இன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திரும்பியவர்களையும் சிலர் இதோடு சேர்ப்பார்கள். கைப்பக்குவம் ஆளோடு பயணிக்கும் என்பதை ஒப்புக்கொள்ளலாம். எனினும் பிரியாணியும் அதே கைகளில்தான் இருந்தது, அது ஏன் தினசரி உணவாகவில்லை? வந்த வழியைச் சொல்வதால் தங்கிய காரணம் சொன்னதாகாது.

கடையின் அமைப்பையே சான்றாக எடுத்துக்கொள்வோம். வாசலில் கல், பக்கத்தில் மாவு வீச ஒரு மேடை, உள்ளே ஏழெட்டுப் பேர் உட்காரும் பெஞ்சு. மதியமே பிசைந்த மாவு எண்ணெய் குளித்த உருண்டைகளாக ஈரத்துணிக்கடியில் கிடக்கும். மாஸ்டர் ஒன்றை எடுத்துத் தட்டி, கண்ணாடி போல் மெலியும்வரை வீசி, கொசுவிச் சுருட்டி, கல்லில் வைத்து உள்ளங்கையால் அழுத்துவார். வெந்த நான்கைந்தை அடுக்கிப் பக்கவாட்டில் இரு கையாலும் ஓர் அடி, அடுக்குகள் உதிர்ந்துவிடும். இலையில் பிய்த்துப் போட்டுச் சால்னா ஊற்றினால் தீர்ந்தது வேலை. சோற்றுக்கு இந்த வசதி இல்லை. உலை வைத்தபின் ஆள் வந்தாலும் வராவிட்டாலும் அது வெந்துவிடும், மிஞ்சினால் பழைய சோறு. உருண்டை மாவோ காத்திருக்கும், ஆள் வந்தபின் அடுப்பைப் பார்த்தால் போதும். எப்போது வருவார்கள் என்று சொல்ல முடியாத கூட்டத்துக்குச் சோறு ஆக்குவது நட்டம், பரோட்டா போடுவது பிழைப்பு. கல் வாசலில் இருப்பதிலும் ஒரு கணக்கு உண்டு. 1921இல் அமெரிக்காவின் விச்சிட்டா நகரில் சில முக்காலிகளோடு தொடங்கிய ஒயிட் காசில் பர்கர் கடையும் 5 சென்ட் பண்டத்தைக் கண்ணெதிரே கல்லில் வாட்டித்தான் பேர் வாங்கியது. கறியை நம்பாத காலத்தில் கண்முன் சமைப்பது நம்பிக்கைக்கு வழி. நம்மூரில் கல்லை வாசலில் வைப்பதற்குப் புகையும் வெக்கையும்கூடக் காரணம். கொத்து போடும் சத்தம் இலவச விளம்பரம்.

அந்தக் கூட்டம் யார்? இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு விடியுமுன் ஜீப்பில் ஏறி, பொழுது சாய இறங்குகிறவர்கள். குமுளிச் சாலை, கம்பம்மெட்டு, 17 கொண்டை ஊசி வளைவுள்ள போடிமெட்டு ஆகியவை அவர்களுடைய வழிகள். ரயில் இங்கே பெரிதாகக் கைகொடுக்கவில்லை. மதுரை–போடி பாதை கம்பம் பக்கம் எட்டியே பார்த்ததில்லை. அகலப்பாதைப் பணிக்காக 2010 இறுதியில் அதுவும் நின்று, 2022இல் தேனிக்கும் 2023இல் போடிக்கும் திரும்பி வந்தது. இடைப்பட்ட பத்து வருடத்துக்கு மேல் பள்ளத்தாக்கே சாலையை நம்பித்தான் இருந்தது. மழையும் பஞ்சரும் மலைப்பாதையும் சேர்ந்தால் ஜீப் வந்து சேரும் நேரத்தை யாராலும் சொல்ல முடியாது. மேலே சொன்ன உருண்டை மாவின் பொறுமைக்கு இதைவிடப் பொருத்தமான வாடிக்கை இல்லை.

சாலைதான் காரணம் என்றால் கார்த்திகை, மார்கழியில் கல் பொங்க வேண்டுமே என்று கேட்கலாம். சபரிமலைக் கூட்டத்தில் ஒரு பகுதி இந்த வழியில்தான் போகிறது. ஆனால் மாலை போட்டவர் ஆட்டெலும்புச் சால்னாவைத் தொடமாட்டார். இந்த எதிர்வாதம் என் வாதத்தைக் கூர்மையாக்கவே செய்கிறது. கல்லை வாழவைப்பது வழிப்போக்கரின் சாலை இல்லை, தினமும் போய்த் தினமும் திரும்புகிறவரின் சாலை. யாத்திரை மாதங்களிலும் ஏலக்காய் எடுப்பு நடக்கிறது, ஜீப்புகளும் இறங்குகின்றன.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். காய் எடுக்கப் போகிறவர்களில் பெரும்பாலோர் பெண்கள். நாள் முழுக்கக் குனிந்து பறித்துவிட்டு வீடு சேர்ந்ததும் அடுப்படி காத்திருக்கும். அரிசி இலவசமாக இருக்கலாம், அதை உலையில் போடும் நேரமும் குழம்பு கூட்டும் உழைப்பும் இலவசமில்லை. பெஞ்சில் உட்கார்ந்து தின்பவர் பெரும்பாலும் ஆண்கள் என்பதால் பரோட்டாக் கடை ஆண்களின் இடமாகத் தோற்றம் தருகிறது. வீட்டுக்குப் போகும் பார்சலைப் பார்த்தால் கணக்கு மாறும். நாளிதழுக்குள் வாழையிலை, அதற்குள் எட்டுப் பரோட்டா, கழுத்தில் நூல் சுற்றிய சால்னாப் பை. 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்தபின் தூக்குவாளியோடு வருகிறவர்களும் உண்டு. கல்லாவுக்கு மேலே ஆணியில் தொங்கும் நூற்கண்டு பார்சல்களுக்காகத்தான். ஜீப் இறங்கும் நேரத்தில் அது நிற்காமல் சுழலும்.