வானவெளிக்கு வந்த ஒழுங்கு

பரந்த வானத்தில் இரு விமானங்கள் மோதுவது அரிதென்றே தோன்றும். ஆயின், 1956ஆம் ஆண்டு யூன் 30ஆம் நாள் அது நிகழ்ந்தது.

அன்று காலை, அமெரிக்காவின் லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலிருந்து மூன்று நிமிட இடைவெளியில் இரு பிரயாணி விமானங்கள் கிழக்கு நோக்கிப் புறப்பட்டன. முதல் விமானம் 21,000 அடி உயரத்திற்கு ஏற அனுமதி கோரியது. மற்ற விமானம் அதே உயரத்தில் வருவதால் அனுமதி மறுக்கப்பட்டது. பின்னர், முகில்களுக்கு 1,000 அடி மேலே பறக்க இசைவு பெற்று, அவ்வுயரத்தையே அது அடைந்தது. அவ்விசைவின்படி, பிற விமானங்களைக் கண்டு விலகுவது விமானியின் பொறுப்பே. கிராண்ட் கன்யன் பள்ளத்தாக்கின்மேல் இரண்டும் மோதின. இரண்டிலும் இருந்த 128 பேரும் மாண்டனர்.

இவ்விபத்தும் பின்னர் நேர்ந்த வேறு மோதல்களும் 1958ஆம் ஆண்டுச் சட்டத்திற்கு வித்திட்டன. பிரயாணி விமானம், படை விமானம் ஆகிய இரண்டுக்கும் பொதுவான வானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு ஒரே நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. விமானி ஒருவர் உயர ஏறுவதற்கு அனுமதி பெறக் காத்திருப்பது வீண் தாமதமன்று. உயிர்களை விலையாகக் கொடுத்துக் கற்ற பாடமாகும்.