சுமார் கேமுக்கு யார் விமர்சனம் எழுதுவா?

நம்ம ஊர்ல எதைப் பத்திக் கேட்டாலும் மூணு பதில்தான் வரும். சூப்பர், மொக்கை, பரவாயில்லை. முதல் ரெண்டுக்கும் விளக்கவுரை தேவையில்லை. மூணாவதுதான் வில்லங்கம். "பரவாயில்லை"ன்னு சொன்னவன் சொல்லிட்டுப் போயிடுவான், அதை நம்பிக் காசு போட்டவன் கதி என்னன்னு யாரும் திரும்பிப் பாக்கிறதில்ல.

இந்தப் பதிவு அந்த மூணாவது ரகத்தைப் பத்தி. அதுவும் கையில பிடிச்சு விளையாடுற வீடியோ கேம் கருவிகள்ல வந்த சுமார் கேம்களையும், அதுக்கு வந்த (பல நேரம் வராமலே போன) விமர்சனங்களையும் பத்தி. சினிமா விமர்சனம் எழுதறதுல நம்ம மக்களை அடிச்சுக்க ஆள் இல்ல. இந்தப் பக்கம் கொஞ்சம் ஆள் கம்மி, அதான் நான் துண்டு போட்டுட்டேன்.

முதல்ல கொஞ்சம் பழைய கதை. ஜப்பான்ல நின்டெண்டோ கம்பெனியில கும்பெய் யொகோய்னு ஒருத்தர் இருந்தார். ரயில்ல ஒரு ஆபீஸ்காரர் பொழுது போகாம கால்குலேட்டரைத் தட்டிக்கிட்டு இருந்ததைப் பார்த்துதான் அவருக்குக் கையடக்க விளையாட்டு யோசனையே வந்துச்சுன்னு சொல்வாங்க. 1980ல கேம் அண்ட் வாட்ச் வந்தது. ஒரு கருவிக்கு ஒரு விளையாட்டு, அவ்வளவுதான். 1989 ஏப்ரல்ல அவர் குழுவே கேம் பாயைக் கொண்டு வந்தது. இதுல கேசட்டை மாத்தி மாத்திப் போட்டு வேற வேற கேம் ஆடலாம்.

யொகோய்க்கு ஒரு கொள்கை உண்டு. பழசாகி, விலை இறங்கி, எல்லாருக்கும் பழகிப்போன தொழில்நுட்பத்தை எடுத்து புதுசா ஒரு வேலைக்குப் பயன்படுத்தணும். அதனால கேம் பாய்க்குக் கலர் கிடையாது. 160க்கு 144 புள்ளித் திரை, வெளிர் பச்சையிலிருந்து கரும்பச்சை வரைக்கும் நாலே நாலு சாயல், திரைக்குப் பின்னால வெளிச்சமும் இல்ல. ஆனா நாலு பென்சில் பேட்டரியில பத்து மணி நேரத்துக்கு மேல ஓடும். 1990ல சேகா கம்பெனி கலர் திரையோட கேம் கியரைக் கொண்டு வந்தாங்க. அது ஆறு பேட்டரியை நாலஞ்சு மணி நேரத்துல முழுங்கிடும். யார் ஜெயிச்சாங்கன்னு சொல்ல வேண்டியதில்ல.

சுமார் கேம்கள் எப்படி உருவாச்சுங்கறதுக்கும் பதில் இந்தத் திரையிலயே இருக்கு. டிவியில ஓடுற கேமை அப்படியே சுருக்கி இதுக்குள்ள திணிச்சாங்க. ஹீரோ உருவம் பெருசு, திரை சின்னது. எதிர்ல வர்ற எதிரி கண்ணுல படறதுக்குள்ள மோதியே முடிஞ்சிருக்கும். காட்சி வேகமா நகர்ந்தா அந்தப் பழைய எல்சிடியில எல்லாம் இழுவி, மழையில நனைஞ்ச மை மாதிரி ஆயிடும். ஆட்டத்தைப் பாதியில சேமிக்கணும்னா கேசட்டுக்குள்ள தனியா ஒரு பேட்டரி வைக்கணும், அதுக்குச் செலவு. அதனால நீளமா ஒரு பாஸ்வேர்டைக் கொடுத்து "எழுதி வச்சுக்கோ"ன்னு விட்டுடுவாங்க. இது போதாதுன்னு சினிமா கேம்கள் வேற. படம் ரிலீஸ் ஆகுற தேதிக்கு கேமும் கடைக்கு வந்தாகணும். நல்லா இருக்கா இல்லையாங்கறது ரெண்டாம்பட்சம்.

இதுல எதுவுமே "கேவலம்"னு சொல்ற அளவுக்கு மோசம் இல்லைங்கறதுதான் பிரச்சினை. கேவலமான கேமுக்குக்கூட சரித்திரத்துல இடம் உண்டு. 1982ல அட்டாரி கம்பெனி ஈ.டி. படத்தை வச்சு அவசர அவசரமா ஒரு டிவி கேம் போட்டு, விக்காத கேசட்டுகளை 1983ல அமெரிக்காவுல நியூ மெக்சிகோ பக்கம் ஒரு குப்பை மேட்டுல புதைச்சாங்க. 2014ல அதைத் தோண்டி எடுத்துப் படமெல்லாம் பிடிச்சாங்க. சுமார் கேமுக்கு இப்படி ஒரு சமாதி கூடக் கிடையாது.

சரி, விமர்சகர்கள் என்ன பண்ணாங்க? ஜப்பான்ல 1986ல ஃபாமிட்சு பத்திரிகை வந்தது. நாலு பேர் ஆளுக்குப் பத்து மார்க் போடுவாங்க, மொத்தம் 40. முதல் 40க்கு 40 வாங்கினது 1998ல வந்த செல்டா கேம் (ஒக்கரினா ஆஃப் டைம்). அது இன்னிக்கும் எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு. அதே வருஷம் 24 வாங்கின கேம் எதுன்னு யாரையாவது கேட்டுப் பாருங்க. அமெரிக்காவுல 1988ல ஆரம்பிச்ச நின்டெண்டோ பவர் பத்திரிகையை நடத்தினதே நின்டெண்டோதான். கடைக்காரரே தராசு பிடிச்சா முள்ளு எந்தப் பக்கம் சாயும்?

இன்னொரு விஷயம். விமர்சகர் எழுதறது மேசையில, நல்ல விளக்கு வெளிச்சத்துல உக்காந்து. விளையாடறவன் இருக்கிறது பஸ் ஜன்னலோரம், மொட்டை வெயில்ல. 2001ல கேம் பாய் அட்வான்ஸ் வந்தப்ப அதோட திரை இருட்டா இருக்குன்னு ஊரே புலம்பிச்சு. காசல்வேனியா: சர்க்கிள் ஆஃப் த மூன் நல்ல கேம்தான், ஆனா பேயும் தெரியல பேய்க்குப் பின்னாடி இருக்கிற சுவரும் தெரியல. 2003ல திரைக்கு விளக்கு வச்ச எஸ்பி மாடல் வந்த பிறகுதான் நிம்மதி. கேம் மோசமா கருவி மோசமான்னு பிரிச்சுச் சொல்ல வேண்டியது விமர்சகர் வேலை. வாங்கினவன் தானே அவஸ்தைப்பட்டுத்தான் அதைக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது.

இப்ப நம்ம ஊருக்கு வருவோம்.

நான் சொல்றது கள்ளக்குறிச்சி விழுப்புரம் மாவட்டத்துல இருந்த காலம் (தனி மாவட்டம் ஆனது 2019லதான்). 1990களோட கடைசி. எங்க பக்கம் கேம் பாய்ங்கறது துபாய்ல மாமா இருக்கிற வீட்டுச் சமாச்சாரம். மத்த எல்லாருக்கும் பிரிக் கேம்தான். திருவிழாக் கடையில பலூனுக்கும் பிளாஸ்டிக் துப்பாக்கிக்கும் நடுவுல தொங்கும். சீனாவுலேர்ந்து வந்த சரக்கு. ரெண்டு பென்சில் பேட்டரி, நிறமே இல்லாத திரை, அகலத்துக்குப் பத்து கட்டம் உயரத்துக்கு இருபது கட்டம். மாஸ்கோவுல அலெக்ஸி பஜித்னோவ் 1984ல உருவாக்கின டெட்ரிஸ்தான் அதோட மூல தெய்வம். அவர்கிட்ட யாரும் அனுமதி கேட்டிருக்கப் போறதில்ல.

அட்டைப் பெட்டியில "9999 இன் 1"ன்னு போட்டிருக்கும். ஒரு பையன் வாழ்க்கையில படிக்கிற முதல் விளம்பரப் புளுகு அதுவாத்தான் இருக்கும்.

எங்க கிளாஸ்ல வெள்ளிமலைப் பக்கத்துலேர்ந்து வந்து ஹாஸ்டல்ல தங்கிப் படிச்ச நண்பன் ஒருத்தன். கல்வராயன் மலையைப் பத்தித் தெரியாதவங்களுக்கு ஒரு வரி: 1976 வரைக்கும் ஜாகீர்தார்கள் கையில இருந்த மலை அது. நாடு சுதந்திரம் வாங்கி 29 வருஷம் கழிச்சுத்தான் அரசாங்கம் நேரடியா உள்ளே போச்சு. ரோடு, கரண்ட்டு எல்லாமே தாமதம். டிவி கேம் அங்க எந்த வீட்டுல ஓடும்? பேட்டரியில ஓடுற சாமான்தான் மலை ஏறும்.

அவன் லீவுல கடுக்காய் பொறுக்கி வித்த காசுல ஒரு பிரிக் கேம் வாங்கினான். வாங்கின வாரமே ரஃப் நோட்டு கடைசிப் பக்கத்துல கோடு போட ஆரம்பிச்சான். ஏ, பி, சின்னு எழுத்து எழுத்தா ஒவ்வொரு ஆட்டத்தையும் ஆடிப் பார்த்து பக்கத்துல ஒரு குறிப்பு. டாங்கி ஆட்டம், கார் ஆட்டம், பாம்பு, ரோட்டைத் தாண்டுற தவளை, செங்கல் உடைக்கிறது... முடிச்சுட்டு எங்ககிட்ட சொன்னான்: "ஒன்பதாயிரமும் இல்ல ஒண்ணும் இல்லடா. ஆட்டம் பதிமூணுதான். மிச்சமெல்லாம் வேகத்தையும் லெவலையும் மாத்தி மாத்தி எண்ணிக்கிட்டு இருக்கான்."

கணக்கு சரிதான். வேகம் பத்து, லெவல் பத்து. ஒரே ஆட்டத்தை அப்படி எண்ணினா நூறு ஆட்டம். ஆனா பதிமூணை நூறால பெருக்கினாலும் 1300தான் வருது. பாக்கி எட்டாயிரத்துச் சொச்சம் எங்கேன்னு கடைக்காரரைத்தான் கேக்கணும்.

அவன் குறிப்பெழுதின விதத்தை இப்ப யோசிச்சா ஆச்சரியமா இருக்கு. கிராஃபிக்ஸுக்கு ஏழு, சவுண்டுக்கு ஆறுன்னு மார்க் போடல. அவன் பார்த்தது வேற. வெயில்ல தெரியுதா? வார்டன் வந்தா சட்டுனு நிறுத்திட்டு அப்புறம் விட்ட இடத்துலேர்ந்து தொடர முடியுதா? சத்தத்தை அணைச்சா ஆட்டம் புரியுதா? பேட்டரி மாத்தினா ஸ்கோர் நிக்குதா (நிக்காது, எல்லாம் பூஜ்யம் ஆயிடும்)? பத்தாவது தடவை ஆடும்போதும் கை பரபரங்குதா? கார் ஆட்டத்துக்கு எதிரே "ரெண்டு நாள்"னு மட்டும் எழுதியிருந்தான். ரெண்டு நாளைக்கு மேல தாங்காதுன்னு அர்த்தம். சுமார் கேமுக்கு இதைவிடச் சுருக்கமா விமர்சனம் எழுத முடியுமா என்ன?

அந்தக் கடைசிப் பக்கத்தைப் பார்த்துட்டு எங்க கிளாஸ்ல மூணு பேர் வேற மாடல் கேட்டு வாங்கினாங்க, ரெண்டு பேர் வாங்காமலே விட்டாங்க. அஞ்சு வீட்டுல அப்பாக்களோட காசு சம்பந்தப்பட்ட விஷயம். வருஷத்துக்கு ஒரு பொம்மை வாங்குற வீட்டுல அந்த ஒண்ணும் சுமாரா அமைஞ்சா, அந்த வருஷமே சுமார்தான்.

அப்புறம் செல்போன் வந்தது. 2000ல வந்த நோக்கியா 3310ல பாம்பு கேமைத்தான் எல்லாரும் கொண்டாடுவாங்க. கூடவே பன்டுமின்னு ஒண்ணு ஒளிஞ்சிருந்ததை எத்தனை பேர் கவனிச்சீங்க? ஆப்பிரிக்கப் பக்கத்து மன்காலா ஆட்டம். அதாவது நம்ம பல்லாங்குழிக்கு ஒண்ணுவிட்ட சொந்தம். பக்கத்துக்கு ஆறு குழி, ஓரத்துல ஆளுக்கொரு பெரிய குழி. எங்க பாட்டிக்குக் காட்டினேன். ஒரு ஆட்டம் ஆடிப் பார்த்துட்டு, "ஏழு குழி இல்ல, பசு விழறதில்ல, இது என்ன ஆட்டம்?"னு திருப்பிக் கொடுத்துட்டாங்க. (குழியில நாலு காய் சேர்ந்தா அது பசு, எடுத்துக்கலாம். பன்டுமியில அது கிடையாது.) கொஞ்ச நேரம் கழிச்சு, "புளியங்கொட்டை கையில உருளுற சுகம் இதுல எங்கடா இருக்கு"ன்னாங்க. கருவி எதைத் தர முடியலைன்னு தெளிவா சொன்ன விமர்சனம் இது. சும்மா "எனக்குப் பிடிக்கல"ன்னு சொல்றதுக்கும் இதுக்கும் நிறைய தூரம்.

கடைசியா நம்ம நாட்டுச் சரக்கு. 2009ல ஹைதராபாத் கேம்சாஸ்த்ரா நிறுவனம் தேசி அட்டான்னு ஒரு கேமை பிஎஸ் 2க்கும் கையடக்க பிஎஸ்பிக்கும் செஞ்சது. கபடி, கில்லி, பட்டம்னு நம்ம தெரு விளையாட்டுகளோட தொகுப்பு. 2010ல மும்பை ட்ரைன் நிறுவனத்தோட ஸ்ட்ரீட் கிரிக்கெட் சாம்பியன்ஸ் வந்தது. 2013ல டான் 2 கேம். ஷாருக்கான் படம் வந்தது 2011 டிசம்பர்ல. கேம் வந்து சேர்றதுக்குள்ள படம் டிவியிலயே ஓடி முடிஞ்சு, பிஎஸ்பிக்கு அடுத்த தலைமுறையான வீட்டாவும் சந்தைக்கு வந்தாச்சு.

அப்ப என் காதுல விழுந்த பேச்சு ரெண்டே ரகம். "நம்மாளு செஞ்சது, குறை சொல்லாதே" ஒண்ணு. "நம்மாளு செஞ்சா இப்படித்தான் இருக்கும்" இன்னொண்ணு. ரெண்டுமே விமர்சனம் இல்ல. தேசி அட்டாவைப் பார்த்து நியாயமா கேக்க வேண்டிய கேள்வி ஒண்ணுதான். ரெண்டு குச்சி இருந்தா தெருவுல ஓசியில ஆடுற கில்லியை, காசு கொடுத்து வாங்கின திரைக்குள்ள ஆடும்போது குச்சி தராத எதை இது தருது? அந்தக் கேள்வியை யாராவது பொறுமையா, கோபம் இல்லாம, விவரமா கேட்டிருந்தா அடுத்த கேமை செய்யறவங்களுக்கு ஒரு பிடி கிடைச்சிருக்கும். பாராட்டும் வசவும் செய்யறவனுக்கு ஒண்ணும் கத்துக் கொடுக்காது. "இந்த இடம் நல்லா இருக்கு, இந்த இடத்துல கை நோகுது"ன்னு சொல்ற ஆள்தான் கத்துக் கொடுப்பான்.

சூப்பர் கேம் விமர்சனம் இல்லாமலே பொழைச்சுக்கும். கேவலமான கேம் கேலியிலயே வாழ்ந்துடும். விமர்சகர் உண்மையிலயே தேவைப்படறது நடுவுல கிடக்கிற இந்த சுமார் கூட்டத்துக்குத்தான். ஏன்னா நாம பெரும்பாலும் வாங்கினதும் ஆடினதும் இதைத்தான். இன்னிக்கு போன்ல கேம் ஓசியில கிடைக்குது, ஆனா சாயங்காலங்கள் ஓசியில்ல. மக்களே, அடுத்த தடவை யாராவது "எப்படி இருக்கு?"ன்னு கேட்டா வெறும் "பரவாயில்லை"யோட நிறுத்தாம, எத்தனை நாள் தாங்கும்னும் சேர்த்துச் சொல்லுங்க.

டிஸ்கி: உங்க பிரிக் கேம்ல நிஜமா எத்தனை ஆட்டம் இருந்துச்சு? எண்ணினவங்க பின்னூட்டத்துல சொல்லுங்க. 9999ன்னு சொல்றவங்க தயவுசெஞ்சு பட்டியலோட வரவும்.