சத்தம் கூடினால் பேச்சு விளங்குமா? மண்டபத்தைச் சோதிக்க ஒரு சிறிய மின்சுற்று

வன்னியில் நான் செய்தி சேகரிக்கப் போகும் கூட்டங்கள் பலவற்றில் இதுதான் நடக்கும். பின்வரிசையில் இருப்பவர்கள் விளங்கவில்லை என்பார்கள். சவுண்ட் சேர்விஸ்காரர் சத்தத்தைக் கூட்டுவார். பேச்சு இன்னும் குழம்பும். தகரக் கூரை, சீமெந்துத் தரை, பூசிய சுவர் என்றிருக்கும் மண்டபத்தில் ஒலி உறிஞ்சப்படாமல் திரும்பத் திரும்பத் தெறிக்கும். போரில் செவிப்புலன் பாதிக்கப்பட்டவர்கள் வாழும் ஊர்களில், காணி பற்றியோ வீட்டுத்திட்டம் பற்றியோ சொல்லப்படுவது பாதி கேட்காமல் போனால் இழப்பு பெரிது.

எந்த அதிர்வெண்ணில் ஒலி தேங்குகிறது என்று கண்டுபிடிக்க உதவுவது 'பிங்க் நொய்ஸ்' எனப்படும் இரைச்சல்.

பிங்க் நொய்ஸ் என்றால் என்ன?

கேட்பதற்கு அடைமழை போலிருக்கும். 100 முதல் 200 ஹேர்ட்ஸ் வரையிலும், 1000 முதல் 2000 ஹேர்ட்ஸ் வரையிலும் ஒரே அளவு சக்தி இருக்கும். அதாவது அதிர்வெண் இரட்டிக்கும் ஒவ்வொரு பட்டையும் சமம். அதனால் மண்டபத்தில் எந்தப் பட்டை எழும்பினாலும் அளவீட்டில் உடனே தெரியும்.

செய்யும் முறை

1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றரி கிடைக்காமல், சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட மண் இது. இந்தச் சுற்றுக்கு இரண்டு 9 வோல்ற் பெற்றரிகள் போதும். தொடராக இணைத்தால் 18 வோல்ற்; அவை சேரும் இடமே நடுப்புள்ளி.

1. பிசி 547 திரான்சிஸ்டரின் பேஸை மறை முனையிலும், எமிற்றரை 220 கிலோ ஓம் தடையி வழியாக நேர் முனையிலும் இணைக்கவும். கலெக்டரை வெறுமனே விடவும். பின்னோக்கிய மின்னழுத்தத்தில், சுமார் 7 முதல் 10 வோல்ற்றில், அந்தச் சந்தி உடைந்து இரைச்சலை உண்டாக்கும். ஒற்றை 9 வோல்ற் பெற்றரியை நம்ப முடியாதது இதனால்தான்.

2. எமிற்றரிலிருந்து ஒரு கொள்ளளவி வழியாக டிஎல் 072 ஐசியின் முதற் பாதிக்குக் கொடுத்து, சுமார் பத்து மடங்கு பெருக்கவும். அந்த உள்ளீட்டிலிருந்து நடுப்புள்ளிக்கு 1 மெகா ஓம் தடையி வேண்டும். இதுவரை கிடைப்பது வெள்ளை இரைச்சல்.

3. அடுத்தது வடிகட்டி. 6.8 கிலோ ஓம் தடையியைத் தொடராக வைத்து, அதன் மறுமுனையிலிருந்து நடுப்புள்ளிக்கு நான்கு கிளைகள்: 3 கிலோ ஓமுடன் 1 மைக்ரோபரட், 1 கிலோ ஓமுடன் 0.27, 300 ஓமுடன் 0.094 (இரண்டு 0.047 சமாந்தரமாக), தனியே 0.033. அதிர்வெண் இரட்டிக்கும்போதெல்லாம் இது 3 டெசிபல் குறைக்கும்.

4. ஐசியின் மறுபாதியால் மீண்டும் பெருக்கி, கொள்ளளவி, வொலியூம் கொன்ட்ரோல் வழியாக மிக்சரின் லைன் உள்ளீட்டுக்குக் கொடுக்கவும்.

கைபேசிச் செயலியும் இதே இரைச்சலைத் தரும். ஆனால் தொழில்நுட்பப் பிரிவு மாணவருக்கு, சந்தி உடைவையும் வடிகட்டியையும் காதாலேயே படிக்க இந்தச் சுற்று உதவும்.

சோதிக்கும் முறை

ஒலிபெருக்கிக்கு ஒரு மீற்றர் முன்னாலும், பின்வரிசையிலும், கைபேசியின் அலைமாலைச் செயலியால் அளந்து ஒப்பிடவும். பின்வரிசையில் மட்டும் எழும்பும் பட்டையை ஈக்குவலைசரில் சற்றுக் குறைக்கலாம். பிறகு இரைச்சலைச் சட்டென நிறுத்தி, வால் எவ்வளவு நேரம் நீள்கிறது என்று கேட்கவும். ஒலி 60 டெசிபல் தணிய எடுக்கும் நேரம் சிறிய வகுப்பறையில் 0.6 செக்கனைத் தாண்டக்கூடாது என்கிறது அமெரிக்க நியமம். நீண்ட வாலை ஈக்குவலைசர் குறைக்காது. தடித்த திரைச்சீலையும், கூரையைப் பாராமல் சனத்தைப் பார்த்து, கிட்டவாக வைத்த சிறிய ஒலிபெருக்கிகளும்தான் வழி.

ஒன்றை மறக்க வேண்டாம். மண்டபத்தில் ஆட்கள் இருந்தால் முன்கூட்டியே சொல்லி, பூச்சியத்திலிருந்து மெதுவாகவே சத்தத்தைக் கூட்டுங்கள். கிபிரையும் ஷெல்லையும் கேட்டவர்களுக்குத் திடீர் இரைச்சல் வேறொன்றை நினைவூட்டும்.