உப்புக் காற்றில் ஒரு மரப்பெட்டி

1856ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் இரயில் ராயபுரத்திலிருந்து ஆற்காடு நோக்கிப் புறப்பட்டது. அதே ஆண்டில்தான், சென்னையில் கலைப் பள்ளியை நிறுவிய மருத்துவர் அலெக்சாண்டர் ஹண்டரின் முயற்சியால் சென்னைப் புகைப்படச் சங்கமும் தோன்றிற்று. இரயிலின் கதையைப் பலர் எழுதியுள்ளனர். கேமராவின் கதையோ அவ்வளவாகப் பேசப்படவில்லை.

மாகாண அரசு லின்னேயஸ் டிரைப் என்னும் படை அதிகாரியைத் தன் புகைப்படக் கலைஞராக அமர்த்தியதும் அவ்வாண்டிலேதான். 1858இல் அவர் மதுரை, தஞ்சை, புதுக்கோட்டைப் பகுதிகளைச் சுற்றிப் படமெடுத்தார். கண்ணாடித் தகட்டில் மருந்து பூசினால் அது காய்வதற்குள் படமெடுத்துக் கழுவிவிட வேண்டும். நம் வெயிலில் இது எளிதா? மெழுகிட்ட தாளையோ முன்னரே ஆயத்தம் செய்து வைக்கலாம். ஆகவே அவர் பெரும்பாலும் தாளையே நாடினார். ஆளுநர் டிரெவெலியன் செலவைக் காரணம் காட்டி அப்பணியை நிறுத்தினார்.

பின்னாளில் நம் ஊர் ஸ்டூடியோக்களில் முக்காலி மீது நின்ற மரக் கேமராக்களுள் பல, கடல் கடந்து வந்தவை அல்ல. 1940களில் ஆலப்புழையில் கே. கருணாகரன் என்பவர் 'வாகீஸ்வரி' என்ற பெயரில் தேக்கு மரத்தாலும் பித்தளையாலும் அவற்றைச் செய்யத் தொடங்கினார். திருமணக் கோலமும் புதுநன்மைக் கோலமும் அத்தகைய பெட்டிகளின் முன்தான் நின்றன.

இன்று ராயபுரத்திலோ திருவொற்றியூரிலோ அத்தகைய பெட்டி ஒன்றை வைத்திருப்பவர் அறிய வேண்டியது, அதன் முதற் பகை ஈரக் காற்று என்பதே. ஈரம் மிகுந்தால் வில்லையில் பூஞ்சணம் நூல் நூலாகப் படர்ந்து கண்ணாடியையே அரிக்கும். உப்பு, பித்தளையைப் பச்சையாக்கும். அழகுக்காகத் தோல் உறையிலேயே வைப்போர் உண்டு; தோல் ஈரத்தை உறிஞ்சித் தேக்கிவைக்கும் என்பதை அவர்கள் எண்ணுவதில்லை. இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களை இட்டு, நீலம் இளஞ்சிவப்பானதும் சூடேற்றி உலர்த்தி மீண்டும் இடலாம். அளவுக்கு மீறி உலர்ந்தாலோ மரம் வெடிக்கும், துருத்தி கீறும். ஈரப்பதம் நூற்றுக்கு 40 முதல் 50 வரை இருப்பது நலம். மாதம் ஒருமுறை ஷட்டரை இயக்கி, துருத்தியை விரித்து மடிக்க வேண்டும். தையல் இயந்திர எண்ணெயை ஊற்றும் 'வைத்தியம்' மட்டும் வேண்டவே வேண்டாம்!

புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், பிரித்தானிய நூலகத்தின் நிதியுதவியோடு தமிழகத்து ஸ்டூடியோக்களின் பழைய படங்களைத் தேடிக் கணினியில் பதிவு செய்தது. படத்துக்கு இவ்வாறு நகல் உண்டு. எடுத்த கருவிக்கு இல்லை. ஸ்டூடியோக்கள் மூடப்படும்போது கருவி பழைய சாமான் கடைக்குப் போகிறது, அல்லது உணவு விடுதியின் வரவேற்பறையில் அலங்காரப் பொருளாகிறது. அங்கே அது எந்தத் தெருவில், யார் கையில் இருந்தது என்று சொல்வார் எவருமில்லை. ஆகவே, கருவியைத் துடைத்து வைப்பவர் ஒரு தாளில் அந்த விவரத்தையும் எழுதி அதன் முக்காலியில் கட்டிவைக்கட்டும். பென்சிலால் எழுதினால் ஈரத்தில் மை கரையும் அச்சமும் இல்லை.