எல்லைக்கோடும் குப்பைக் கணக்கும்: திருப்பதி – சித்தூர் வட்டாரத்தில் தூய்மைச் சான்றுகள் வந்த வழி

திருமலை அடிவாரத்து அலிப்பிரி சோதனைச் சாவடியில் வண்டியை விட்டு இறங்கினால் பையைத் திறந்து காட்ட வேண்டும். உள்ளே பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில் இருந்தால் அதை அங்கேயே விட்டுவிட்டுத்தான் மலையேற முடியும். திருமலையில் 2022 ஜூன் 1 முதல் பிளாஸ்டிக்குக்கு முழுத் தடை நடப்பில் இருக்கிறது. மலைக்குப் போகாத அந்தப் பாட்டில் எங்காவது ஓரிடத்தில் சேரத்தான் செய்யும். அது யார் கணக்கில் சேரும் என்பதே இக்கட்டுரை பின்தொடரும் கேள்வி. ஓர் ஊருக்கோ தொழிற்சாலைக்கோ ‘குப்பையற்றது’ என்று சான்று தருவதற்கு முன், அதைச் சுற்றி ஒரு கோடு கிழிக்க வேண்டியிருக்கிறது. அந்தக் கோடு எங்கே விழுகிறது என்பதைப் பொறுத்துச் சான்றின் பொருளும் மாறுகிறது.

திருப்பதி நகராட்சி உருவானது 1886 ஏப்ரல் 1 அன்று. ஊர் அப்போது சென்னை மாகாணத்தின் வட ஆர்க்காடு மாவட்டத்தில் இருந்தது; மாவட்டத் தலைமையிடம் சித்தூர். யாத்திரைத் தலம் என்றாலே அன்றைய அதிகாரிகளுக்குக் காலராதான் நினைவுக்கு வரும். 1866இல் கான்ஸ்டான்டிநோபிளில் கூடிய சர்வதேச சுகாதார மாநாடு, இந்தியாவின் யாத்திரைக் கூட்டங்களைக் காலரா பரவுவதற்கான பெருங்காரணமாகச் சுட்டியிருந்தது. ஆகவே குப்பை அள்ளுவது நோய்த்தடுப்பு வேலையாகத்தான் தொடங்கியது. சாவு குறைந்தால் ஊர் தூய்மையானது. அள்ளிய குப்பை எங்கே போய்ச் சேர்ந்தது என்ற கேள்விக்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

நிர்வாகமும் வேறு திசையில் பிரிந்தது. 1843 முதல் ஹாதிராம்ஜி மடத்து மகந்துகளிடம் இருந்த திருமலைக் கோயில் நிர்வாகம் 1933இல் திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் கைக்கு வந்தது. மேலே தேவஸ்தானம், கீழே நகராட்சி (இன்று மாநகராட்சி) என்ற இரட்டை ஏற்பாடு இன்றுவரை தொடர்கிறது. மாவட்ட, மாநில எல்லைகளோ 1911, 1953, 1960, 2022 எனப் பலமுறை மாறின. யாத்திரிகர் வரும் பாதை மட்டும் மாறவில்லை.

குப்பைக்கென்று தனி விதிகள் வர 2000 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அல்மித்ரா படேல் 1996இல் உச்ச நீதிமன்றத்தில் தொடுத்த பொதுநல வழக்கின் தொடர்ச்சியாக வந்தவை அவை. 2016இல் வந்த திருத்திய விதிகள், வீட்டிலேயே குப்பையைப் பிரிப்பதைக் கட்டாயமாக்கின. அதே காலத்தில் தரவரிசையும் தொடங்கியது. மத்திய அரசின் தூய்மை நகரக் கணக்கெடுப்பில் (ஸ்வச் சர்வேக்ஷன்) திருப்பதி 2017இல் 9ஆம் இடம், 2018இல் 6, 2019இல் 8, 2022இல் 7, 2023இல் 8. ஆண்டுக்கு ஆண்டு போட்டியிட்ட நகரங்களும் பிரிவுகளும் மாறியதால் இந்த எண்களை ஒரே ஏணியின் படிகளாக வாசிக்கக் கூடாது.

2018 ஜனவரியில் மத்திய அரசு அறிமுகப்படுத்திய ‘குப்பையற்ற நகரம்’ நட்சத்திரச் சான்றை நான் முக்கியமான திருப்பமாகக் கருதுகிறேன். தரவரிசையில் ஒருவர் முன்னேற இன்னொருவர் பின்தங்க வேண்டும். நட்சத்திரத்துக்கு அது தேவையில்லை. வரையறுத்த நிலையை எட்டும் எந்த ஊரும் பெறலாம். வீடு வீடாகச் சேகரிப்பது, பிரிப்பது, பதப்படுத்துவது, பழைய கிடங்கைச் சீர்செய்வது என எல்லாவற்றையும் அது தனித்தனியே பார்க்கிறது. 2020இல் திருப்பதி மூன்று நட்சத்திரம் பெற்றது.

ஆனால் குப்பையற்ற நகரம் வேறு, கழிவில்லா நகரம் வேறு. சர்வதேச ஜீரோ வேஸ்ட் கூட்டமைப்பு 2018இல் திருத்தி வெளியிட்ட வரையறை, எரிப்பதை அடியோடு விலக்குகிறது. நம் 2016 விதிகளோ, குப்பையிலிருந்து எரிபொருள் தயாரிக்கும் ஆலைக்கு 100 கி.மீ.க்குள் இருக்கும் தொழிற்சாலைகள் தங்கள் எரிபொருளில் குறைந்தது 5 சதவீதத்தையாவது அதிலிருந்து பெற வேண்டும் என்றன. சிமென்ட் சூளையில் எரியும் நெகிழி ஒரு கணக்கில் தீர்வு, மற்றொரு கணக்கில் தோல்வி.

இரண்டில் கடுமையான கணக்கு திருப்பதி மாவட்டத்திலேயே நடக்கிறது. சத்தியவேடு பக்கம், தமிழ் பேசும் ஊர்களை ஒட்டிய ஸ்ரீசிட்டி தொழில் நகரில் கோல்கேட்-பாமோலிவ் ஆலை இருக்கிறது. அந்நிறுவனத்தின் மற்ற இந்திய ஆலைகளைப் போலவே இதுவும் ‘ட்ரூ’ என்ற ஜீரோ வேஸ்ட் சான்று பெற்றது. அதற்கு 12 மாதங்கள் தொடர்ந்து கழிவில் குறைந்தது 90 சதவீதம் குப்பைமேட்டுக்கோ எரிஉலைக்கோ போகாமல் இருக்க வேண்டும். மொத்தப் புள்ளிகள் 81. குறைந்தது 31 எடுத்தால் சான்று, 64 முதல் பிளாட்டினம். வாங்கும் பொருளின் உறை முதல் தொழிலாளர் பயிற்சி வரை புள்ளி உண்டு. ஓர் ஆலையில் இதைச் சாதிக்க முடிவதற்குக் காரணம், அதற்கு வாசற்கதவு இருப்பதுதான். உள்ளே வருவதையும் வெளியே போவதையும் எடைபோடலாம். சித்தூரைச் சுற்றி ஜூன், ஜூலையில் தோத்தாபுரி மாங்காயைக் கூழாக்கும் ஆலைகளுக்கும் கதவு உண்டு. மலைபோலக் குவியும் தோலையும் கொட்டையையும் இப்படி எடைபோட்டுக் கணக்கெழுதினால் அந்த வட்டாரத்துக்கே பெரிய மாற்றம் வரும்.

நகரத்துக்குக் கதவு கிடையாது. கதவில்லாத இடத்தில் என்ன செய்யலாம் என்பதற்கான விடை, சித்தூரிலிருந்து 40 கி.மீ.க்குள் இருக்கும் வேலூரில் பிறந்தது. வேலூர் சீனிவாசன் என்று அறியப்படும் சி. சீனிவாசன் வகுத்த திட, திரவ வள மேலாண்மை முறையில் குப்பை என்ற சொல்லுக்கே இடமில்லை, எல்லாம் வளம். வீட்டில் பிரித்ததைக் கொட்டகையில் பெண்கள் இன்னும் பல வகையாகப் பிரிப்பார்கள். இம்முறையை 2015 முதல் கையாண்ட சத்தீஸ்கரின் அம்பிகாபூர் 2020இல் ஐந்து நட்சத்திரம் பெற்ற ஆறு நகரங்களில் ஒன்றானது. 2025 ஜூலையில் தூய்மை நகரக் கணக்கெடுப்பின் ‘சூப்பர் ஸ்வச் லீக்’ பட்டியல் வந்தபோது, திருப்பதியும் அம்பிகாபூரும் ஒரே பிரிவில் இடம்பெற்றன. வேலூர்க் கருத்து அத்தனை தூரம் சுற்றிப் பக்கத்து ஊரின் அருகில் வந்து நின்றது.

அந்தப் பிரிவின் பெயரைக் கவனிக்க வேண்டும்: 50,000 முதல் 3 லட்சம் வரை மக்கள்தொகை கொண்ட நகரங்கள். 2011 கணக்கெடுப்பில் திருப்பதியின் மக்கள்தொகை 3 லட்சத்துக்குச் சற்றுக் குறைவு. ஆனால் திருமலையில் ஒரு நாளில் 60,000 முதல் 80,000 பேர் வரை தரிசனம் செய்கிறார்கள். பெரும்பாலோர் திருப்பதி பேருந்து நிலையம், ரயில் நிலையம், விடுதி, உணவகம் வழியாகத்தான் போகிறார்கள். அவர்கள் தின்று எறியும் தட்டும் தையல் இலையும் நகரத்துக் குப்பையில் உண்டு, மக்கள்தொகையில் இல்லை. அதைத் தினமும் அள்ளும் தூய்மைப் பணியாளர்களுக்கு இந்த வேறுபாடு எந்த அறிக்கையும் படிக்காமலே தெரியும். இத்தனை சுமையோடும் முன்வரிசையில் நிற்கும் நகரம் உரிய பாராட்டைப் பெறவில்லை என்பது என் கருத்து.

செலவை யார் ஏற்பது என்பதும் இதே இடத்தில்தான் சிக்குகிறது. 2021 அக்டோபர் 2இல் தொடங்கிய ‘கிளாப்’ (தூய்மை ஆந்திரா) திட்டத்தின்போது ஆந்திர நகரங்களில் வீடுகளிடம் வாங்கிய கட்டணத்தை மக்கள் ‘செத்த பன்னு’, அதாவது குப்பை வரி, என்றே அழைத்தார்கள். எதிர்ப்பு வலுத்தது, அந்தக் கட்டணம் ரத்தாகும் என்று 2024 அக்டோபர் 2இல் அறிவிப்பு வந்தது.

நகரத்துக் குப்பை ரேணிகுண்டா மண்டலத்துத் தூக்கிவாக்கத்தில் பதப்படுத்தப்படுகிறது. ஈரக்குப்பை எரிவாயுவாகிறது, கட்டட இடிபாடுகளுக்கும் அங்கே தனி ஆலை. பழைய குப்பை பல ஆண்டுகள் குவிந்தது ராமபுரத்தில். அதைத் தோண்டிச் சலித்துப் பிரிக்கும் வேலை பின்னர் நடந்தது. நட்சத்திரம் மாநகராட்சிக்குத்தான், இந்தக் கிராமங்களுக்கு அல்ல.

மலையில் பழைய வழக்கம் ஒன்று உண்டு. முடி இறக்கும் கூடமான கல்யாணகட்டாவில் காணிக்கையாகும் முடியைத் தேவஸ்தானம் ஏலத்தில் விற்கிறது. பூவுக்கு அந்த வழி பிறகுதான் கிடைத்தது. 2021 செப்டம்பர் முதல் கோயில் பூக்கள் ஏழு வகை ஊதுபத்திகளாகின்றன. அதே ஆண்டு ஆகஸ்டில் லட்டுக்கு மக்கும் பைகள் வந்தன, பாதுகாப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் தயாரிப்பு. லட்டை அதில் வாங்கிக்கொண்டு யாத்திரிகர் காட்பாடிக்கும் காஞ்சிபுரத்துக்கும் சென்னைக்கும் ரயிலேறுகிறார். வீட்டில் பிரசாதத்தைப் பங்கிட்டபின் அந்தப் பை ஈரக்குப்பைக்கான பச்சைத் தொட்டியில் விழுகிறதா உலர்குப்பைக்கான நீலத் தொட்டியில் விழுகிறதா என்பது அவர் ஊர்க் கணக்கில் எழுதப்படும்.