இரட்டைச் சுவிட்சும் ஒற்றைப் பச்சை விளக்கும்: தென்சென்னைப் புறநகர் வலையமைப்புகளில் கண்காணிப்பின் அலகு

தாம்பரம் மெப்ஸ் வளாகம் முதல் சிறுசேரி சிப்காட் வரை, ஓரளவு பெரிய கல்லூரிகளும் மருத்துவமனைகளும் மென்பொருள் நிறுவனங்களும் மைய சுவிட்சை இரண்டாக வைத்துக்கொள்வது இன்று அரிதன்று. ஒன்று பழுதானால் மற்றது ஏற்கும் என்பது ஏற்பாடு. வாங்கியபின் அதைக் கவனிப்பது பெரும்பாலும் ஒவ்வொரு சுவிட்சின் இணைய இடைமுகத்தையும் உலாவியில் திறந்து, விளக்குகள் பச்சையா என்று பார்ப்பதோடு முடிந்துவிடுகிறது. கண்காணிப்பின் அலகாகத் தனிச் சுவிட்சைக் கொள்ளும் இந்தப் பழக்கமே, இரண்டாவது சுவிட்சுக்குக் கொடுத்த விலையை வீணாக்குகிறது என்பது இக்கட்டுரையின் வாதம். இரண்டு சுவிட்சும் சேர்ந்த இணையின் நிலையை ஓர் அலகாகக் காட்டாத கண்காணிப்புப் பக்கம், காட்ட வேண்டியதை மறைக்கிறது.

ஒன்றின் வேலையை மற்றது ஏற்க வகைசெய்யும், 1998இல் வரையறுக்கப்பட்ட விஆர்ஆர்பி நெறிமுறையில், தலைமைச் சுவிட்ச் இயல்பாக நொடிக்கொரு அறிவிப்பை அனுப்புகிறது. அது நின்றுபோனால், முன்னுரிமை 100 கொண்ட துணைச் சுவிட்ச் சுமார் 3.6 நொடியில் இரண்டுக்கும் பொதுவான முகவரியை ஏற்றுக்கொள்ளும். கண்காணிப்புப் பக்கமோ, எம்ஆர்டிஜி என்னும் பழைய கண்காணிப்புக் கருவியின் காலம் தொட்டு வரும் வழக்கப்படி, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை வினவுகிறது. அதுவும் பொது முகவரியை மட்டும் பிங் செய்தால் பதில் எப்போதும் வரும். சேவை நிற்காததால் புகார் சொல்லப் பயனாளரும் இல்லை. முதல் பழுது ஓசையின்றிக் கடந்துபோகிறது. ஒரு சுவிட்ச் சராசரியாக 1,00,000 மணி நேரத்துக்கு ஒருமுறை பழுதாகும் என்று கணக்குக்காகக் கொள்வோம். முதல் பழுதை நான்கு மணி நேரத்தில் சரிசெய்தால், அதற்குள் மற்றதும் விழும் வாய்ப்பு 0.004 விழுக்காடு. ஆறு மாதம் யாரும் பார்க்காமல் விட்டால் அது சுமார் 4.3 விழுக்காடு. சுவிட்சின் தரம் மாறவில்லை; மாறியது பார்வை மட்டுமே.

இதைவிட நுட்பமான நிலை ஒன்றுண்டு. இரண்டுக்கும் இடையே அறிவிப்பு செல்லும் பாதை அறுந்தால் இரண்டுமே தம்மைத் தலைமையாகக் கருதும். தனித்தனிப் பக்கங்களில் இரண்டும் நலமாகவே தெரியும். 'தலைமை' என்ற சொல் இரண்டு பக்கங்களிலும் இருப்பதுதான் பழுது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்க்காமல் அது புலப்படாது. ஆகவே பக்கம் ஒவ்வொரு சுவிட்சையும் அதன் சொந்த முகவரியில் வினவி, யார் தலைமை என்பதையும், எத்தனை முறை தலைமை மாறியது என்ற எண்ணிக்கையையும் காட்ட வேண்டும். எண்ணிக்கை ஏன்? நிலை என்பது கேட்ட கணத்துக்கு மட்டுமே உரியது. எண்ணிக்கையோ இரு வினவல்களுக்கு நடுவே நடந்ததையும் வைத்திருக்கும். (சுவிட்ச் மறுதொடக்கமானால் அது சுழிக்குத் திரும்பும், இயங்கிய நேரத்தையும் உடன் படிப்பது அதனால்தான்.)

எச்சரிக்கைகள் பெருகினால் எவரும் மதிக்கமாட்டார்கள் என்பது நியாயமான மறுப்பு. ஆனால் 'சேவை நிற்கிறது', 'சேவை உண்டு, துணை இல்லை' என்னும் இரண்டுக்கும் ஒரே அவசரம் கிடையாது. பின்னதற்கு நள்ளிரவில் யாரையும் எழுப்ப வேண்டாம். மறுநாள் வேலைப் பட்டியலில் முதலில் நின்றால் போதும். வேண்டுமென்றே தலைமையை மாற்றிப் பார்க்கும் ஒத்திகை எந்தப் பக்கத்தையும்விட உறுதியான சான்று என்று சிலர் சொல்வர். உண்மைதான். எனினும் அது அன்றைய நிலைக்கு மட்டுமே சான்று. கடைசி ஒத்திகையின் தேதியும் முடிவும் அதே பக்கத்தில் இடம்பெறுவதே பொருத்தம்.

வலுவான மறுப்பு வேறு: மேற்சொன்ன கணக்கு இரு பழுதுகளும் ஒன்றையொன்று சாராதவை என்று கொள்கிறது. தாம்பரத்தில் அப்படிக் கொள்ள இடமில்லை. 2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் இங்கு 49 சென்டிமீட்டர் மழை பதிவானது; அடையாற்று வெள்ளம் முடிச்சூரையும் மேற்குத் தாம்பரத்தின் பல தெருக்களையும் சூழ்ந்தது; பாதுகாப்புக்காக மின்சாரமும் நிறுத்தப்பட்டது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது பள்ளிக்கரணையும் நீரில் நின்றது. தரைத்தளத்தில் ஒரே ராக்கில், ஒரே யுபிஎஸ்ஸில் இருக்கும் இரண்டு சுவிட்சுகள் அத்தகைய இரவில் ஒரு சுவிட்சுக்குச் சமம். ஆகவே எந்தச் சுவிட்ச் எந்த மின்வழியில், எந்தத் தளத்தில் உள்ளது என்பதும் இணையின் நிலையில் சேரும். கண்காணிப்புச் சேவையகமும் அதே ராக்கில் இருந்தால் இணையோடு சேர்ந்து அதுவும் அணையும். உலாவியில் திறந்து கிடக்கும் பக்கம் பழைய பச்சையையே காட்டிக்கொண்டிருக்கும். சேவையகத்தை வெள்ளம் எட்டாத வேறிடத்தில் வைத்து, பதில் வராத சுவிட்சைச் சிவப்பாக்கி, அதனருகே கடைசியாகப் பதில் வந்த நேரத்தை அச்சிடுவது எந்த இடைமுகத்துக்கும் கடினமான வேலையன்று.